கோணமலைத் துறையும் சுவிற்சர்லாந்துக் குடிவழிகளும்

ஒரு குலத்தின் வேரைத் தேடிச் செல்வோன் முதலில் நாடுவது பெயரை. ஆயினும் கடல் கடந்து சென்ற குடிகளின் வரலாற்றிற் பெயரே முதலிற் சிதைகின்றது. புறப்பட்ட துறையில் எழுதப்பட்ட பெயர் ஒன்று. சேர்ந்த துறையில் எழுதப்பட்ட பெயர் மற்றொன்று. இவ்விரண்டையும் இணைக்கும் நூலிழை எங்கே உள்ளது என்பதே வழிமுறை ஆராய்ச்சியின் தலையாய வினாவாகும்.

வட அமெரிக்காவிற் பிரித்தானியர் ஆண்ட குடியேற்றங்களில் 18ஆம் நூற்றாண்டிற் குடியேறிய யேர்மானிய, சுவிற்சர்லாந்துக் குடும்பங்கள் இதற்குத் தக்க சான்றாகும். பேர்ண் நகரத்துக் கிறிஸ்தோப் வொன் கிறாபென்றீட் 1710இல் வட கரோலினாவில் நியூ பேர்ண் என்னும் ஊரை நிறுவினார். பிலடெல்பியாத் துறையில் இறங்கிய யேர்மானிய மொழியினர் 1727 முதல் அரசுக்குப் பணிவுறுதி கூறிக் கையொப்பமிட வேண்டியவராயினர். மியுல்லர் என்போர் மில்லர் ஆனதும், சினைடர் என்போர் ஆங்கில வழக்கிற்கேற்பத் தம் பெயரின் எழுத்துக்கள் மாறப்பெற்றதும் அந்நாட்டிலேயே. ஆயினும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. சூரிச் நாட்டுக் குருமார் 1734 முதல் 1744 வரை அமெரிக்காவுக்குச் சென்றோரைப் பற்றி எழுதிய பட்டியல்கள் எஞ்சியுள்ளன. ஊர்க் கோயில்களின் ஞானமுழுக்கு ஏடுகளும் உள்ளன. புறப்பட்ட ஊரின் ஏட்டையும் இறங்கிய துறையின் ஏட்டையும் ஒப்புநோக்கின், சிதைந்த பெயருக்குரிய மூலப்பெயர் பல குடும்பங்களிற் புலப்படும். குடும்பம் குடும்பமாகப் பலர் சென்றமையால், தாயின் பெயரும் தந்தையின் பெயரோடு ஒருங்கே காக்கப்பட்டது.

அதே நூற்றாண்டில், அதே மலைநாட்டினின்றும் அதே றைன் ஆற்றின் வழியாகவும் புறப்பட்ட வேறு பலர் கீழ்த்திசைக் கப்பல்களில் ஏறினர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி தன் இரு நூற்றாண்டு வாழ்வில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரை ஆசியாவுக்கு அனுப்பியது. அவருட் பெருந்தொகையினர் ஒல்லாந்தரல்லர். யேர்மானிய நாடுகளிலும் அவற்றின் அயல்நாடுகளிலும் பிறந்தோரே. பேர்ண் நகரத்து ஓவியரான அல்பிறெக்ட் ஏர்போட், கொம்பனிப் படைவீரராய் ஈழம் முதலிய நாடுகளிற் பணியாற்றித் தாம் கண்டவற்றை 1669இல் நூலாக வெளியிட்டார். அவ்வாறு ஏடெழுதியோர் மிகச் சிலர். ஏனையோர் கொம்பனியின் சம்பளப் பேரேடுகளிலேயே எஞ்சியுள்ளனர். 18ஆம் நூற்றாண்டுக்குரிய அப்பேரேடுகளில் ஒருவன் பெயர், பிறந்த ஊர், ஏறிய கப்பல், வகித்த பதவி, பணி முடிந்த வகை ஆகியன காணப்படும். ஆயினும் எழுதியோன் ஒல்லாந்தக் கணக்கன். யோகான் அவன் கையில் யான் ஆனான்; சிமிட் என்பவன் சிமித் ஆனான்.

இனிக் கோணமலைத் துறையை நோக்குவோம். போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து எழுப்பிய கோட்டை ஒல்லாந்தர் கையிற் சென்றது. 1782இல் மட்டும் அது பிரித்தானியர்க்கும் பின்னர்ப் பிரெஞ்சுக் கடற்றளபதி சுவ்றனுக்கும் கைமாறி, போர் ஓய்ந்தபின் ஒல்லாந்தரிடம் மீண்டது. இத்தகைய துறைகளைத் தன் ஆட்களால் மட்டும் காக்கவியலாத கொம்பனி, கூலிப்படைகளை நாடிற்று. நொஷாத்தெல் நாட்டுச் சார்ல் தானியேல் தெ மெரோன் 1781இல் அதனோடு உடன்படிக்கை செய்து, ஆயிரத்திற்கு மேற்பட்டோர் கொண்ட படையொன்றைத் திரட்டினார். அப்படை முதலில் நன்னம்பிக்கை முனையிற் காவலிருந்து, 1788இல் ஈழம் வந்தது.

1795இல் ஒல்லாந்து பிரெஞ்சுப் படைக்குப் பணிந்தது. பிரித்தானிய அரசின் ஏவலால், சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இயூ கிளெக்கோண் நொஷாத்தெலுக்குச் சென்று, மார்ச் 30ஆம் நாள் அப்படையைப் பிரித்தானியச் சேவைக்கு மாற்றும் உடன்படிக்கையைப் பெற்றார். எகிப்து வழியாக அவரும் தெ மெரோனும் இந்தியக் கரையை அடைந்தது செப்டெம்பரில்; அதற்குள் ஆகத்து 26ஆம் நாள் திருகோணமலைக் கோட்டை பிரித்தானியரிடம் வீழ்ந்துவிட்டது. 1796 பெப்ருவரியிற் கொழும்பும் பணிந்தது. படையோ புதிய கொடியின்கீழ் 1799இற் சீரங்கப்பட்டணத்திற் போரிட்டது; 1813இற் கனடாவை அடைந்து 1816இற் கலைக்கப்பட்டது. கலைந்தோருட் சிலர் செல்கேர்க் பிரபுவின் செவ்வாற்றுக் குடியேற்றத்திற் காணி பெற்றுத் தங்கினர். 1826இல் வந்த பெருவெள்ளத்தின்பின் அவருட் பலர் ஐக்கிய அமெரிக்காவுக்குப் பெயர்ந்தனர். இவ்வாறு ஈழத்தில் நின்ற ஒரு படையின் பெயர் அமெரிக்கக் குடிவழிகளிலும் இடம்பெற்றது.

இங்கே ஆராய்ச்சியாளர் இரு தவறுகளை ஒழித்தல் வேண்டும். முதலாவது, தெ மெரோன் படையினன் என்பதனால் ஒருவனைச் சுவிற்சர்லாந்தவன் எனத் துணிதல். படையின் பெயர் சுவிற்சர்லாந்துக்குரியதேனும், அதிற் பல நாட்டினரும் சேர்ந்திருந்தனர். மத்தியதரைக் கடற்பகுதியிற் படைக்குப் புதிதாய்ச் சேர்க்கப்பட்டோர் பலர் ஈழத்தைக் கண்ணாலும் கண்டவரல்லர். நொஷாத்தெல்தானும் அக்காலத்திற் பிறசிய மன்னரின் உடைமை; 1815இலேயே சுவிற்சர்லாந்துக் கூட்டாட்சியில் மாநிலமாய் இணைந்தது. ஆதலின் படைப்பட்டியல் ஒருவன் பணியைக் காட்டுமேயன்றிப் பிறப்பைக் காட்டாது.

இரண்டாவது தவறு பெரிது. அது தாயை மறத்தலாகும். அமெரிக்கா சென்றோர் போலன்றி, ஈழம் வந்த போர்வீரர் பெரும்பாலும் தனியர். அவருள் இங்குக் குடிகொண்டோர் மணந்தது இந்நாட்டில் வாழ்ந்த பெண்களையே. அவருட் போர்த்துக்கேயக் கலப்பினரும் தமிழரும் சிங்களவரும் இருந்தனர். ஞானமுழுக்குப் பெற்ற பெண்ணுக்குக் கிறித்தவப் பெயர் சூட்டப்பட்டபோது அவள் பழம்பெயர் ஏட்டினின்றும் மறைந்தது. தந்தைக்கு ஊரும் கப்பலும் நாளும் எழுதிவைத்த கணக்கன், தாய்க்கு ஒரு பெயரோடு அமைந்தான்.

1908இற் கொழும்பில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையிற் பல குடும்பங்களின் வழிமுறைகளை வெளியிட்டு ஆராய்ச்சிக்கு அரும்பணி ஆற்றியது. ஆயினும் அச்சங்கம் உறுப்புரிமைக்குக் கொண்ட அளவுகோல் தந்தைவழி ஒன்றே. ஐரோப்பியத் தந்தையினின்றும் இறங்கிய ஆண்வழி முறியாதிருத்தல் வேண்டுமென்பது விதி. அதனால் ஒரே பாட்டியின் பேரர் இருவருள், மகன்வழிப் பேரன் வழிமுறை ஏட்டில் இடம்பெற, மகள்வழிப் பேரன் புறத்தே நிற்க நேரலாம். குருதி இருவர்க்கும் ஒன்றே; ஏடு மட்டும் வேறு.

திருகோணமலைப் பாலையூற்றில் வாழ்ந்துவரும் பறங்கியர் இவ்வுண்மைக்குச் சான்றாவர். ஒல்லாந்தர் ஆட்சி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நிலவியும், கீழ்க்கரைப் பறங்கியர் இல்லங்களில் நிலைத்தது போர்த்துக்கேயக் கிளைமொழியே. ஆண்ட கொம்பனியின் மொழி குழந்தையின் நாவில் ஏறவில்லை. தொட்டிலாட்டிய தாயின் மொழியே ஏறிற்று. ஏடுகள் கூறாது விட்ட தாய்வழியை நா காத்துவைத்தது எனலாம்.

ஆதலின் ஒரு குடியின் மூலத்தைக் காண விழைவோர் சம்பளப் பேரேட்டோடு அமையாது, ஞானமுழுக்கு ஏடு, திருமண ஏடு, தோம்பு, கல்லறை எழுத்து, இல்லத்து மொழி ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குவார்க்கு, அல்ப்சு மலையடியினின்றும் வந்த ஒரு மகனின் குடிவழி, கோணமலையடியிற் பிறந்த ஒரு மகளின் குடிவழியுமாகும் என்பது தெளிவாகும். ஒருவழியை மட்டும் எழுதிய வரலாறு பாதி வரலாறே.