ஆங்கிலத் தேர்வில் படித்தலும் கேட்டலும்: கல்லூரி மாணவர் பொருளுணர்திறன் அளவீட்டின் வரலாறு (1857 – 1989)

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவரின் ஆங்கிலப் பொருளுணர்திறன் படித்தல், கேட்டல் என்னும் இரு வழிகளில் புலப்படுவது. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய 1857 முதல் இங்கு அனுமதியும் பட்டமும் எழுத்துத் தாள்களைச் சார்ந்தே அமைந்தன. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தபோதும், அவற்றைக் கேட்டு உணரும் திறன் தனியே அளக்கப்படவில்லை. இக்குறை 1902இலேயே அரசு ஆணையம் ஒன்றால் பதிவு செய்யப்பட்டது. கேட்டல் தேர்வோ, அயல்நாட்டு மாணவரை ஏற்ற மேலைப் பல்கலைக்கழகங்களின் தேவையால் வளர்ந்தது. எத்திறன் அளக்கப்பட வேண்டும் என்பதை மாணவரின் தேவையைவிடத் தேர்வு நடத்துவோரின் தேவையே முடிவு செய்துவந்தது என்பதை இக்கட்டுரை இவ்விரு மரபுகளின் ஒப்பீட்டால் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படித்தல் திறன், கேட்டல் திறன், பொருளுணர்தல், மெட்ரிகுலேஷன் தேர்வு, சென்னைப் பல்கலைக்கழகம், மொழித்திறன் அளவீடு.

முன்னுரை

கற்பதைப் 'பாடம் கேட்டல்' என வழங்குவது தமிழ் மரபு. மாணாக்கன் பாடம் கொள்ளும் முறையை நன்னூல் பொதுப்பாயிரம் 'கோடல் மரபு' எனத் தனியே வகுத்துரைக்கிறது. திருக்குறள் கல்வி (40), கல்லாமை (41) ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி (42) என்னும் அதிகாரத்தை அமைக்கிறது. உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 'பாடம் கேட்டார்' என்றே இன்றும் கூறுகிறோம். ஆயின் இன்றைய தேர்வுக்கூடத்தில் கேள்வி என்றால் வினாத்தாளில் அச்சிடப்பட்ட வினா என்பதே பொருள். செவியால் கொள்வது என்னும் பொருள் அங்கு வழக்கில் இல்லை.

இச்சொல்லின் பொருள் குறுகியதற்கு ஆங்கிலக் கல்வியை மட்டும் காரணமாகக் காட்டுவது மிகையாகும். எனினும், ஆங்கிலத் தேர்வு முறையில் செவிக்கு ஏன் இடம் கிட்டவில்லை என்னும் வினா ஆய்வுக்குரியது. தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்து ஆங்கிலவழிக் கல்லூரியில் சேரும் மாணவரின் இடர்ப்பாட்டை அறிய இவ்வரலாறு துணைபுரியும்.

தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம்

1854ஆம் ஆண்டுச் சார்லஸ் வுட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் நிறைவேறியது. இம்மூன்றுக்கும் இலண்டன் பல்கலைக்கழகம் முன்மாதிரியாயிற்று. கற்பிக்கும் பணி கல்லூரிகளுக்கும், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் பணி பல்கலைக்கழகத்துக்கும் உரியனவாயின.

மாணவரை நாள்தோறும் காண்பவர் கல்லூரி ஆசிரியர். மாணவரின் தகுதியை முடிவு செய்பவரோ அவரை ஒருபோதும் காணாத தேர்வாளர். தேர்வாளர் அறிவது விடைத்தாளை மட்டுமே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை.தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தினர். இத்துணைப் பரந்த நிலப்பகுதியின் மாணவரை ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டுமாயின், எங்கும் ஒன்றாகவே இருக்கும் அச்சிட்ட வினாத்தாள் இன்றியமையாதது. எடிசன் ஒலிவரைவியைக் கண்டறிந்ததே 1877இல்தான். அதற்கு முன் ஒரே குரலைப் பல தேர்வு மையங்களில் ஒலிக்கச் செய்ய வழியில்லை. ஆகவே, கேட்டல் திறன் விடுபட்டமைக்குத் தொடக்கத்தில் நடைமுறைக் காரணம் ஒன்று இருந்தது என்பதை ஏற்கலாம்.

கீழ்நிலைப் பள்ளிகளில் நிலைமை சற்று வேறானது. தேர்ச்சிக்கேற்ப மானியம் வழங்கும் முறையில், பள்ளி ஆய்வாளர் நேரில் வந்து மாணவரை வாய்விட்டுப் படிக்கச் செய்தார்; சொல்வதை எழுதச் செய்தார். குறைந்த அளவிலேனும் அங்குச் செவிக்கு வேலை இருந்தது. கல்லூரிக்குச் செல்லச் செல்ல விரிவுரை மிகுந்தது. செவிக்கு உரிய தேர்வோ மறைந்தது. உரைநடையாக்கம், இலக்கணம், மொழிபெயர்ப்பு, பாடநூற்பகுதி விளக்கம் ஆகியனவே ஆங்கிலத் தாளில் மேலோங்கின. அவற்றுள்ளும் பாடநூல் சார்ந்த வினாக்களை மனப்பாடத்தால் எதிர்கொள்ள இயன்றமையால், படித்தல் திறனே செம்மையாக அளக்கப்பட்டதா என்னும் ஐயமும் எழுகிறது.

1902ஆம் ஆண்டு ஆணையத்தின் பதிவு

கர்சன் பிரபு அமைத்த இந்தியப் பல்கலைக்கழக ஆணையம் தாமஸ் ராலே தலைமையில் 1902இல் தன் அறிக்கையை அளித்தது. மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிக் கல்லூரியில் சேரும் மாணவர் ஆங்கில விரிவுரைகளைப் புரிந்துகொள்ள இயலாதவராக உள்ளனர் என்று அவ்வறிக்கை குறிப்பிட்டது. சிலருக்கு இவ்விடர் விரைவில் நீங்குவதாகக் கூறப்படினும், பலர் ஆங்கிலத்தில் போதிய ஆளுமை பெறாமலேயே பட்டப்படிப்பைக் கடந்துசெல்கின்றனர் என்றும் அது சுட்டியது.

இப்பதிவு இரு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, நுழைவுத் தேர்வில் தேர்ச்சி என்பது கல்லூரி வகுப்பறைக்குரிய திறனுக்குச் சான்றாகவில்லை. இன்றைய அளவீட்டியல் மொழியில் கூறின், அத்தேர்வுக்கு முன்கணிப்பு ஏற்புடைமை குறைவு. இரண்டாவது, அக்குறை புலப்பட்ட இடம் விரிவுரைக்கூடம். தாளில் தேறியவர் செவியில் இடறினார். ஆனால் ஆணையத்தின் வழிவந்த 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் ஆட்சிப்பேரவையின் அமைப்பு, கல்லூரி இணைப்பு விதிகள் முதலியவற்றையே முதன்மையாக நெறிப்படுத்தியது. கேட்டல் குறை, அளக்கப்பட வேண்டிய ஒன்றாகக் கொள்ளப்படவில்லை.

படித்தலை முதன்மைப்படுத்திய கொள்கை

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சூழலை ஆய்ந்து இருமொழியம் பற்றிய தம் நூலை 1926இல் வெளியிட்டார். பெரும்பாலான மாணவர் படிப்பை இடையில் நிறுத்துவதால், எந்நிலையில் நின்றாலும் அவர்களுக்குக் கைவசம் எஞ்சும் பயனைக் கருத வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வகையில் படித்தல் திறனே அவர்களுக்கு மிகுந்த பயனளிக்கும் என்றார்.

விடுதலைக்குப் பின் கோத்தாரி கல்வி ஆணையம் (1964–66) ஆங்கிலத்தை 'நூலக மொழி' எனக் குறித்தது. விரிவுரை தமிழிலும் மேற்கோள் நூல்கள் ஆங்கிலத்திலும் அமையும் தமிழ்வழிப் பட்டப்படிப்புக்கு இக்கருத்து முற்றிலும் பொருந்தும். அங்குப் படித்தலை மட்டும் அளப்பது முறையே. ஆனால் ஆங்கிலவழி வகுப்புகளில் ஆங்கிலம் நூலகத்துக்குள் அடங்கிய மொழியன்று. விரிவுரையின் மொழியும் அதுவே. கற்பிக்கும் மொழி மாறியபோதும் தேர்வின் இயல்பு மாறாதிருந்ததே இங்குள்ள முரண்.

கேட்டல் தேர்வின் தோற்றம்

1913இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அயல்நாட்டவர்க்கான ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ்த் தேர்வைத் தொடங்கியது. மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கணம், ஒலியியல் ஆகியவற்றுடன் சொல்வதை எழுதுதல், வாய்விட்டுப் படித்தல், உரையாடல் ஆகியனவும் அதில் இடம்பெற்றன. முதல் தேர்வை எழுதிய மூவருள் ஒருவரும் தேர்ச்சி பெறவில்லை.

செவிவழிப் பொருளுணர்தலைத் தனித்திறனாகக் கொண்ட தேர்வுகள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வலுப்பெற்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லாடோ 1946இல் அத்தகைய தேர்வொன்றை உருவாக்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேரும் அயல்நாட்டு மாணவருக்கென 1964இல் நடைமுறைக்கு வந்த டோஃபல் தேர்வு கேட்டல், படித்தல் இரண்டையும் தனித்தனிப் பகுதிகளாகக் கொண்டது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் கவுன்சிலுக்காக ஆலன் டேவிஸ் உருவாக்கிய தேர்வுத் தொகுதி 1960களின் இடையில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒலிகளைப் பிரித்தறிதல், அழுத்தம், ஏற்ற இறக்கம், கேட்டுப் பொருளுணர்தல், படிக்கும் வேகம் முதலியவற்றை அது சோதித்தது. 1980இல் அதற்கு மாற்றாக இ.எல்.டி.எஸ். தேர்வும், 1989இல் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வும் வந்தன.

இவற்றின் நோக்கம் தெளிவானது. அயல்நாட்டிலிருந்து வரும் மாணவர் தம் விரிவுரைக்கூடத்தில் அமர்ந்து பாடத்தைப் பின்தொடர இயலுமா என்பதை அப்பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே அறிய விரும்பின. 1902இல் இந்திய ஆணையம் எழுப்பிய ஐயமும் அதுவே. ஆனால் இங்குப் பயின்ற மாணவருக்கு அத்தகைய சோதனை வகுக்கப்படவில்லை. கடல்கடந்து செல்ல முனைந்தபோதே அவருடைய கேட்டல் திறன் முறையான அளவீட்டுக்கு உட்பட்டது.

கடலூரும் சென்னையும்

இவ்விரு மரபுகளும் தமிழ்நாட்டில் சந்தித்த தருணம் ஒன்று உண்டு. பெங்களூரில் என்.எஸ்.பிரபு முன்னின்று நடத்திய கருத்துப்பரிமாற்றவழிக் கற்பித்தல் திட்டம் (1979–84) சென்னை, கடலூர்ப் பள்ளிகளிலும் செயற்பட்டது. இலக்கண அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிக்காமல், பொருளை மையமாகக் கொண்ட செயல்களின்வழி மொழியைப் பெறச்செய்வது அதன் கோட்பாடு. 1984இல் அதை மதிப்பிட்ட ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் ஆகிய இருவருள் பின்னவர், மேலே சுட்டிய பிரிட்டிஷ் கவுன்சில் தேர்வுத் தொகுதியை உருவாக்கியவரே.

ஒரு முறையில் பயின்றோரை மற்றொரு முறைக்குரிய தேர்வால் அளப்பது நடுநிலையாகாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். எனவே அமைப்புசார் சோதனை, செயல்சார் சோதனை ஆகியவற்றுடன் இரு சாரார்க்கும் பொதுவான சோதனைகளையும் அமைத்தனர். அவற்றுள் சொல்வதை எழுதுதலும், கேட்டும் படித்தும் பொருளுணர்தலும் அடங்கும். இத்திட்டம் பள்ளி மாணவரைப் பற்றியதாயினும் அதன் படிப்பினை கல்லூரிக்கும் உரியது. ஒருவர் எதில் பயிற்சி பெற்றார் என்பதை அறியாமல், அவர் எதில் தேறவில்லை என்பதை வைத்து மட்டும் தீர்ப்பு வழங்கலாகாது.

அளவீட்டில் கருத வேண்டியன

இவ்வரலாற்றின் ஒளியில், இன்று கல்லூரி மாணவரிடையே இவ்விரு திறன்களையும் ஆயும் ஆய்வாளர் சிலவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். வகுப்பில் நடத்தப்பட்ட பாடப்பகுதியைக் கொண்டு சோதித்தால் நினைவாற்றலும் மதிப்பெண்ணில் கலந்துவிடும். மாணவர் முன்பு காணாத பத்தியே பொருத்தமானது. கேட்டல் தேர்வின் வினாக்களை ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் அங்குப் படித்தல் திறனும் புகுந்துவிடும். அவ்வினாக்களைத் தமிழில் அமைப்பது இக்கலப்பைக் குறைக்கும்.

ஒரே பத்தியை ஒரே மாணவர் முதலில் படித்துப் பின்னர்க் கேட்டால் இரண்டாம் மதிப்பெண் தானே உயரும். நிகரான இரு பத்திகளை எடுத்து, ஒரு குழு முதற்பத்தியைப் படித்து இரண்டாவதைக் கேட்கவும், மறுகுழு முதற்பத்தியைக் கேட்டு இரண்டாவதைப் படிக்கவும் செய்தால் பத்தியின் கடுமை இரு திறன்களிலும் சமமாகப் பரவும். மேலும், படிப்பவர் விளங்காத தொடருக்கு மீண்டும் செல்லலாம், கேட்பவருக்கு அவ்வாய்ப்பில்லை. ஆகவே எத்தனை முறை, எவ்வேகத்தில், எத்தகைய அறையில் ஒலிக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்யாத கேட்டல் மதிப்பெண்ணை மற்றொன்றோடு ஒப்பிட இயலாது.

முடிவுரை

எழுத்துத் தாள் 1857இல் தொலைவும் தொழில்நுட்பமும் விதித்த கட்டாயம். அக்கட்டாயம் நீங்கிய பின்னும் அம்முறை நீடித்தமைக்கு, தேர்வு நடத்துவோர்க்கு அது எளிதாக இருந்தது என்பதே ஏற்கத்தக்க விளக்கமாகத் தோன்றுகிறது. மாணவர் விரிவுரையைப் பின்தொடர்கிறாரா என்பதை அறிய வேண்டிய கட்டாயம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்பட்டது. அங்குக் கேட்டல் தேர்வு உருவாயிற்று.

படித்தால் விளங்குகிற ஒரு கருத்து கேட்டால் விளங்காத மாணவர், பாடத்தில் வலுக்குறைந்தவர் அல்லர். அவருக்குத் தேவைப்படுவது செவிப்பயிற்சி. இரண்டிலும் இடர்ப்படுபவருக்குத் தேவைப்படுவது சொல்வளமும் அடிப்படை மொழியறிவும். ஒற்றை எழுத்துத் தாள் இவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டாது. தமிழ்வழியில் பயின்று வரும் மாணவரை 'ஆங்கிலம் அறியாதவர்' என ஒரே சொல்லால் ஒதுக்கும் வழக்கம் இவ்வேறுபாட்டை அறியாமையால் வலுப்பெறுகிறது. கல்லூரியில் சேர்ந்த முதற்பருவத்திலேயே இரு திறன்களையும் தனித்தனியே அளந்து, இடைவெளிக்கேற்ற பயிற்சியை வகுப்பதே 1902ஆம் ஆண்டுப் பதிவுக்கு நாம் அளிக்கத்தக்க விடையாகும்.