சும்மா இருக்கக் கற்ற கணினி

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே எழுதுகின்றனர். அது சும்மா இருக்கக் கற்ற வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. மொனராகலையிலிருந்து எழுதும் எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அப்போது கைத்தொலைபேசியில் எஞ்சிய மின்னூட்டமே பலருக்கு வெளியுலகத் தொடர்பாக இருந்தது.

வேலையில்லாத போது புரொசசர் உறங்குகிறது. அந்த உறக்கத்திற்குப் பல படிகள் உண்டு. ஆழம் கூடினால் மின்சாரம் மிஞ்சும். ஆனால் விழித்தெழ நேரமும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். லயத்து அடுப்பை எண்ணிப் பாருங்கள். சற்று நேரத்தில் மீண்டும் தேநீர் வைப்பதென்றால் தணலைச் சாம்பலால் மூடி வைப்போம். அந்திவரை சமையல் இல்லையென்றால் அணைத்துவிடுவோம். அடுத்த வேலை எப்போது வரும் என்ற கணிப்பிலேயே சிக்கனம் தங்கியிருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கேர்னல் வேலையில்லாத போதும் வினாடிக்கு 100 முதல் 1000 தடவை வரை புரொசசரைத் தட்டியெழுப்பி வந்தது. 2007 ஏப்ரலில் வெளியான 2.6.21ஆம் பதிப்பு அந்த வழக்கத்தைக் கைவிடத் தொடங்கியது. இன்னொரு சிக்கல் எஞ்சியது. எப்படி உறங்குவது, எவ்வளவு ஆழமாக உறங்குவது என்ற இரு கேள்விகளும் ஒரே நிரலுக்குள் பின்னிக் கிடந்தன. வெங்கடேஷ் பல்லிபாடி, ஷாஹுவா லி, அடம் பெலே ஆகிய மூவரும் அவற்றைப் பிரித்தனர். உறங்கும் வழி டிரைவரின் பொறுப்பு. ஆழத்தைத் தீர்மானிப்பது 'கவர்னர்' என்ற தனிப் பகுதி. 2007இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட இந்த 'சிபியு ஐடில்' அமைப்பு, 2008 ஜனவரியில் 2.6.24ஆம் பதிப்புடன் வெளிவந்தது.

பிரித்ததன் பயன் பின்னர் தெரிந்தது. 2010இல் இன்டெல் புரொசசர்களுக்கென லென் பிரவுன் எழுதிய புதிய டிரைவர், கவர்னரைத் தொடாமலே சேர்ந்துகொண்டது. 2018இல் ரஃபேல் விசோக்கி ஒரு தலைகீழ் ஒழுங்கைத் திருத்தினார். அதுவரை கேர்னல் கடிகாரத் துடிப்பை முதலில் நிறுத்திவிட்டுப் பின்னரே உறக்கத்தின் ஆழத்தைக் கணித்தது. கணிப்பு முதலில், நிறுத்துவது அதன் பிறகே என்று அவர் மாற்றினார்.

அன்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்குள்ளும் இருப்பது இதே கேர்னல்தான். பதுளைத் தோட்டமொன்றில் திரை அணைந்து கிடக்கும் கைத்தொலைபேசியும் இந்தக் கணக்கைப் போட்டே தன் மின்னூட்டத்தைக் காத்துக்கொள்கிறது.