ஒலியின் வேகமும் நியூட்டனின் கணக்கும்

மின்னலைக் கண்டபின் இடி கேட்கும் வரை வினாடிகளை எண்ணிப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஒலியின் வேகத்தை அளந்து அறிவது ஒரு வழி. அளக்காமலே, காற்றின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் மட்டும் கொண்டு கணக்கிட்டுச் சொல்வது இன்னொரு வழி. இந்த இரண்டாம் வழியை ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியான 'பிரின்சிப்பியா' நூலில் காட்டினார்.

ஒலி அலை செல்கையில் காற்றின் ஒரு பகுதி நெருக்கப்படுகிறது. அது மீண்டு விரியும்போது அடுத்த பகுதியை நெருக்குகிறது. மீட்சி வலுவாக இருந்தால் அலை விரையும். காற்று கனமாக இருந்தால் மந்தமாகும். மீட்சிக் குணகத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் வேகம் கிடைக்கும். காற்றின் மீட்சிக் குணகம் அதன் அழுத்தத்திற்கே சமம் என்று, பாயில் விதியை ஒட்டி, நியூட்டன் கொண்டார். நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 0 டிகிரி செல்சியஸில் அழுத்தம் 1,01,300 பாஸ்கல். அடர்த்தி கனமீட்டருக்கு 1.293 கிலோகிராம். விடை வினாடிக்கு 280 மீட்டர். உண்மை வேகமோ 331 மீட்டர்!

நியூட்டன் காலத்திலேயே இந்த முரண்பாடு வெளிப்பட்டுவிட்டது. அப்மின்ஸ்டர் ஊரின் பாதிரியார் வில்லியம் டெர்ஹாம், தொலைவில் வெடித்த பீரங்கிகளின் ஒளிக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, வினாடிக்கு 1142 அடி என்று கண்டார். நியூட்டனின் கணக்கு 979 அடிதான். 1713-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நியூட்டன் என்ன செய்தார் தெரியுமா? காற்றுத் துகள்களுக்கும் பருமன் உண்டு, அவற்றினூடே ஒலி நொடியில் கடந்துவிடும் என்று சொல்லி ஒன்பதில் ஒரு பங்கைக் கூட்டினார், 1088 ஆயிற்று. காற்றிலுள்ள நீராவி ஒலியலையில் பங்கு கொள்வதில்லை என்று சொல்லி இருபதில் ஒரு பங்கை மேலும் கூட்டினார். சரியாக 1142! விடையைப் பார்த்துக்கொண்டு போட்ட கணக்கு இது. என் மாணவர் ஒருவர் இப்படி எழுதினால் மதிப்பெண் தரமாட்டேன்.

குறை எங்கே? பாயில் விதி வெப்பநிலை மாறாதபோதுதான் பொருந்தும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடுகிறதல்லவா? ஒலி அலையிலும் நெருக்கப்பட்ட இடம் சற்றே சூடாகும், விரிந்த இடம் சற்றே குளிரும். அந்த வெப்பம் பரவிச் சமமாக நேரம் இருக்கிறதா? அதிர்வெண் 500 எனக் கொள்வோம். 331-ஐ 500-ஆல் வகுத்தால் அலைநீளம் 66 சென்டிமீட்டர். நெருக்கத்திற்கும் தளர்ச்சிக்கும் இடையே 33 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தை வெப்பம் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குள் கடந்தாக வேண்டும். காற்றோ வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவது. ஆகவே சூடு இருந்த இடத்திலேயே நின்று மீட்சியை மிகுதிப்படுத்துகிறது.

இதைக் கண்டு சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ். மாறா அழுத்தத்தில் காற்றின் தன்வெப்பத்தை மாறாப் பருமனில் உள்ள தன்வெப்பத்தால் வகுத்து வரும் எண்ணால் அழுத்தத்தைப் பெருக்க வேண்டும் என்று 1816-இல் அவர் அறிவித்தார். நியூட்டனின் பிழை வெளிப்பட்டு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு!

1822 ஜூனில் பாரிஸ் அருகே வில்ஜுவிப், மான்லேரி என்னும் ஊர்களில் இரவில் பீரங்கிகள் முழங்கின. கே-லுசாக், அராகோ, ஹம்போல்ட் முதலியோர் கடிகாரங்களுடன் காத்திருந்தனர். ஏறத்தாழ 18.6 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு 54.6 வினாடி ஆயிற்று. 15.9 டிகிரி வெப்பநிலையில் வேகம் 340.9 மீட்டர். லாப்லாஸின் கணக்கு 337-க்குச் சற்று மேல் நின்றது. அந்த மூன்று மீட்டரை அவர் எதையும் கூட்டி நிரப்பவில்லை. அன்று தெரிந்திருந்த தன்வெப்ப விகிதமே சற்றுக் குறைவானது. இன்றைய மதிப்பாகிய 1.4-ஐ இட்டு, அதே வெப்பநிலைக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: 340.8 வரும்.