புனே இரவுப் பள்ளியும் எரிந்த கடன் பத்திரங்களும்

புனே வாழ் தமிழ் அன்பர்களுக்கு மகாத்மா ஜோதிராவ் புலே புதியவர் அல்லர். 1848இல் பிடே வாடாவில் பெண்களுக்கு அவர் பள்ளி தொடங்கியதையும், துணைவியார் சாவித்திரிபாய் அதில் ஆசிரியையாக இருந்ததையும் நம்ம வீட்டுப் பிள்ளைகளே பாடத்தில் படித்துவிட்டு வந்து சொல்கிறார்கள். இந்நகரப் பல்கலைக்கழகமும் 2014 முதல் அந்த அம்மையார் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் அத்தம்பதியர் 1855இல் தம் வீட்டிலேயே நடத்திய இரவுப் பள்ளியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த குடியானவர்களும் கூலியாட்களும் அங்கே எழுத்துக் கற்றார்கள்.

அதே ஆண்டில் புலே ‘திருதீய ரத்னா’ என்று ஒரு நாடகமும் எழுதினார். சோதிடத்தைக் காட்டிப் பயமுறுத்தும் புரோகிதரிடம் ஏழைக் குடியானவனும் கர்ப்பிணியான அவன் மனைவியும் பொருளை இழக்கிறார்கள். கடைசியில் உண்மை விளங்கி, இருவரும் இரவுப் பள்ளிக்குப் போய்ப் படிப்பதென்று முடிவு செய்கிறார்கள். தட்சிணா பரிசுக் குழு அதை ஏற்கவில்லை. அந்நூல் அச்சேறியது 1979இல்தான்! மும்மணி என்று கேட்டே வளர்ந்த சமணனாகிய எனக்குத் தலைப்பைப் பார்த்ததும் நல்ஞானம்தான் நினைவுக்கு வந்தது. புலே சொல்லும் மூன்றாவது மணியும் அறிவுதானே!

வளர்ந்தவனுக்கு எதற்கய்யா எழுத்து என்று கேட்பவர்கள் 1875ஐப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மே 12 அன்று இதே புனே மாவட்டத்துச் சுபே சந்தையில் குடியானவர்கள் வட்டிக்கடைகளைச் சூழ்ந்தார்கள். கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் கேட்டு வாங்கிக் கொளுத்தினார்கள். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவிற்று. பருத்தி விலை வீழ்ச்சி, நிலவரி உயர்வு என்று காரணங்கள் பல உண்டு. ஆனாலும் அவர்கள் கை முதலில் எதன்மேல் போனது பாருங்கள்: தங்களால் படிக்க முடியாத காகிதத்தின்மேல். பத்திரம் மோடி எழுத்தில் இருக்கும். குடியானவன் போட்டது கைநாட்டு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது எழுதியவருக்கே வெளிச்சம். கடன் கொடுத்தவர்களில் மார்வாடிகளும் குஜராத்திகளும் மிகுதி. அவர்களுள் சமணரும் உண்டு. நானும் வியாபாரி, நானும் சமணன். ஆகவே இதை மறைத்து எழுதுவது முறையாகாது.

1879இல் அரசாங்கம் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி கடன் பத்திரத்தைக் கிராமப் பதிவாளர் முன்னிலையில் எழுத வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் படித்த ஒருவரை இடையில் நிறுத்தியதே ஒழியக் குடியானவனைப் படிக்க வைக்கவில்லை. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அளித்த மனுவில் புலே இந்த இடத்தைத்தான் தொட்டார். குடியானவன் உழைப்பில் வந்த வரிப்பணம் மேல்தட்டார் கல்விக்கே செலவாகிறது என்று வாதிட்டார். பன்னிரண்டு வயது வரை கட்டாயக் கல்வி கேட்டார். பாடத்தில் என்னென்ன வேண்டும் என்றார் தெரியுமா? மோடி, பாலபோத எழுத்துகள், கணக்கு, விவசாயம், சுகாதாரம். கணக்குப் பிள்ளையின் சாவியையே குடியானவன் கையில் கொடுக்கச் சொன்னார் எனலாம்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கூலிக்கணக்கைத் தாமே பார்த்தார்கள்.

சமணர் போற்றும் நான்கு தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. கோயிலுக்கு ஏடு எழுதிக் கொடுப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது. நம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்பவர்களில் சம்பளச் சீட்டில் கைநாட்டு வைப்பவர் ஒருவராவது இருப்பார். மராத்தி படிக்கத் தெரியாததால் மின்சார பில்லுக்கும் பேரனைக் கூப்பிடும் பெரியவர்கள் நம்மிலேயே உண்டு. வாரம் இரண்டு மாலை சங்கக் கட்டடத்தைத் திறந்து வைத்தால் இரு சாராருக்கும் இடம் போதும். தமிழும் மராத்தியும் எழுதத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சங்கப் பெரியோர்கள் மனம் வைக்க வேண்டும்.