சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! – லேசர் பம்ப்பின் கதை

லேசர் என்றதும் நம் கண்முன் வருவது பளிச்சென்ற அந்தச் சிவப்புக் கோடுதான். இயற்பியல் ஆய்வகத்தில் ஹீலியம்-நியான் குழாயைப் பார்த்து வாய் பிளந்து நின்றவர்கள் இந்த மலரைப் படிப்போரில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த ஒளிக்கு ஆற்றல் எங்கேயிருந்து வருதுன்னு நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! லேசருக்கு அந்தச் சட்டியின் பெயர் 'பம்ப்'.

1960 மே 16. கலிஃபோர்னியாவின் மாலிபுவில், ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். சின்னதாய் ஒரு மாணிக்கக் கம்பி. அதைச் சுற்றி ஸ்பிரிங் போலச் சுருண்ட ஃப்ளாஷ் விளக்கு. அந்த விளக்குதான் பம்ப். அதே ஆண்டு முடிவதற்குள் ஐபிஎம் ஆய்வகத்தில் சொரோக்கினும் ஸ்டீவன்சனும் யுரேனியம் கலந்த கால்சியம் ஃப்ளோரைடு படிகத்திலிருந்து சுமார் 2.5 மைக்ரான் ஒளியை எடுத்துவிட்டார்கள். ஆக, உலகின் இரண்டாவது லேசரே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு!

அந்த ஒளிக்கு என்ன அப்படி மவுசு? மூலக்கூறுகளின் கைரேகை அங்கேதான் இருக்கிறது. மீத்தேன் 3.3 மைக்ரானிலும், கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரானிலும் ஒளியை உறிஞ்சும். 1964-இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் 10.6 மைக்ரானில் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டார். புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர் அவர்! அங்கே மின்னிறக்கமே பம்ப். சக்திக்குக் குறைவில்லை. ஆனால் அதன் அலைநீளப் பரப்பு குறுகியது. ஃபெம்டோ விநாடித் துடிப்பு அதில் எளிதில் வராது.

ஃப்ளாஷ் விளக்கிலும் ஒரு தொல்லை. அதன் ஒளியில் பெரும்பங்கு வீணாகி வெப்பமாகிவிடும். டயோடு லேசரால் பம்ப் செய்யலாமே என்று லிங்கன் ஆய்வகத்தில் கீஸும் குவிஸ்டும் செய்தே காட்டி, 1964-இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்ததும் அதே யுரேனியப் படிகம்தான்! ஆனால் கடுங்குளிரில்தான் அது வேலை செய்தது. யோசனை முந்திவிட்டது, சக்திவாய்ந்த டயோடு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

1985-இல் ராச்செஸ்டரில் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூருவும் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் முறையைக் கண்டார்கள். 2018-இல் நோபல் பரிசு தேடி வந்தது. 1992-இல் லிதுவேனியாவின் வில்னியஸில் அதே தந்திரத்தை வேறுவகைப் படிகத்தில் செய்தார்கள். அந்தப் படிகம் ஆற்றலைச் சேமிக்காது. பம்ப் தருவதை அந்தக் கணமே கைமாற்றிவிடும். ஆகவே பம்ப் துடிப்பும் அதே கணத்தில் வந்தாக வேண்டும். 2012-இல் வியன்னாவில் இந்த வழியில் பிறந்த 3.9 மைக்ரான் துடிப்புகளை ஹீலியத்தில் செலுத்தி, 1.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை எக்ஸ் கதிர் எடுத்தார்கள்.

அதில் பம்ப் ஒளி சுமார் 1 மைக்ரான். 4 மைக்ரான் ஒளிக்கு 1 மைக்ரான் பம்ப் என்றால், ஒவ்வொரு ஃபோட்டானிலும் கால்பங்கு ஆற்றல்தான் நமக்குக் கிடைக்கும். நல்ல படிகமான துத்தநாக ஜெர்மானியம் பாஸ்பைடோ 1 மைக்ரான் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் 2 மைக்ரான் ஹோல்மியம் லேசரைப் பம்ப்பாக்கினார்கள். ஹோல்மியத்துக்குத் துலியம் இழை லேசர் பம்ப். துலியத்துக்கு டயோடு பம்ப். பம்ப்புக்கும் பம்ப்! 1996-இல் லாரன்ஸ் லிவர்மோரில் உருவான குரோமியம் கலந்த துத்தநாக செலினைடு லேசரோ, துலியம் ஒளியையே நேரடியாக ஏற்கும். கருவி சிறுத்துவரும் வழி இதுதான்.

மாணவச் செல்வங்களே, கருவி சிறுக்கச் சிறுக்கத்தான் நம் போன்ற கல்லூரிகளின் வாசலை அது எட்டும். பரிசு துடிப்புக்குப் போகும். பம்ப்பை யாரும் பேசமாட்டார்கள். நம்மை ஒளிரவைத்த ஆசிரியர்களையும், ஆய்வக உதவியாளர்களையும் இந்தச் சந்திப்பில் ஒருமுறை நினைத்துக்கொள்வோம். அவர்கள்தானே நம் பம்ப்!