பல்சா விமானம்: இறக்கையை மூடுவதற்கு முன்

ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானத்தைக் கையால் கட்டுவோர் இன்றும் நாடுவது பல்சா மரத்தையே. தென் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை வளரும் இம்மரத்தின் பிரதான ஏற்றுமதி நாடு ஈக்குவடோர். ஒரு கன மீற்றர் பல்சா பெரும்பாலும் 100 முதல் 200 கிலோகிராம் வரையே நிறையுடையது. தேக்கு 600 கிலோகிராமைத் தாண்டும்.

மின்மோட்டாரில் இயங்கிய ரேடியோ மாதிரி விமானம் 1957 ஜூன் 30 அன்று பிரித்தானியாவில் பறந்தது. கேணல் டப்ளினின் அந்த விமானத்தின் பெயர் 'ரேடியோ குயின்'. எரிபொருள் விமானம் பறக்கப் பறக்க இலேசாகும். மின்கலமோ தீர்ந்தாலும் நிறை குறையாது. புறப்பட்ட அதே நிறையுடனேயே தரையிறங்க வேண்டும். ஆகவே கட்டும்போது கூடும் ஒவ்வொரு கிராமும் தரையிறங்கும் வேகத்தைக் கூட்டும்.

இறக்கையின் விலாச்சட்டங்கள் மீது 1.5 மி.மீ. பல்சாத் தகடு ஒட்டுவது அழகுக்காக மட்டுமல்ல. முன்விளிம்பிலிருந்து நடுச்சட்டம் வரை மேலும் கீழும் தகடு மூடினால் அப்பகுதி ஒரு குழாய்போல் ஆகி, இறக்கை முறுகுவதைத் தடுக்கும். பின்பகுதிக்கு மெல்லிய உறைத்தாள் போதும்.

1.2 மீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட இறக்கையை இருபுறமும் முழுமையாக மூட, கன மீற்றருக்கு 160 கிலோகிராம் நிறையுள்ள தகடு சுமார் 115 கிராம் பிடிக்கும். 100 கிலோகிராம் தகடு 72 கிராம்தான். முன் மூன்றிலொரு பங்கை மட்டும் இதே இலேசான தகட்டால் மூடினால் 24 கிராமுடன் முடியும். எனவே தகடுகளை வாங்கியதும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து, இலேசானவற்றை இறக்கை முனைகளுக்கு ஒதுக்க வேண்டும்.

ஒடுங்கிய தகடுகளை முதலில் மேசையில் விளிம்போடு விளிம்பு ஒட்டி, அரத்தாளால் தேய்த்த பின்னரே இறக்கையில் ஏற்ற வேண்டும். இம்மூட்டுகளுக்கு வெள்ளை மரப்பசை நல்லது. சுப்பர் குளூ காய்ந்தால் மரத்தைவிடக் கடினமாகும். தேய்க்கும்போது மரம் குழிந்து பசைக்கோடு மேடாக நிற்கும். வளைவில் தகடு வெடிக்காதிருக்க வெளிப்புறத்தை மட்டும் நீரால் நனைத்து, வளைத்துக் காயவிட்டு ஒட்டலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. ஒருபுறம் மட்டும் மூடிய இறக்கை எளிதில் முறுகும். மறுபுறமும் ஒட்டிவிட்டால் அந்த முறுகல் நிரந்தரமாகிவிடும். வேகம் குறைந்து தரையிறங்கும் நேரத்தில் ஒரு பக்க இறக்கை முந்திச் சரிந்து விமானம் நொறுங்கக்கூடும். ஆகவே பசை முற்றாகக் காயும்வரை இறக்கையைச் சமதளப் பலகையிலிருந்து எடுக்கலாகாது. இரண்டாம் பக்கத்தை ஒட்டுமுன் பின்னாலிருந்து ஒருமுறை பாருங்கள்: இரு பின்விளிம்புகளும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும்.