மிச்சம் அல்ல, முதற்பங்கு: கண்டி மறைப்பணியும் காணிக்கையின் அளவுகோலும்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்து நாலந்தாவிலுள்ள கற்கோயிலான கெடிகே, மகாவலித் திட்டத்தில் போவத்தன்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது கல் கல்லாகக் கழற்றப்பட்டு மேட்டில் மறுபடி கட்டப்பட்டது. இறைவனுக்கென்று முன்னோர் செய்ததை நீரில் விட மனம் வராத மண் இது. இதே மாவட்டத்தில்தான் போர்த்துக்கேயர் வழிவந்தோரின் பழைய கத்தோலிக்க ஊரான வஹகோட்டையும், அங்கே சிங்களவரும் தமிழரும் நேர்த்திக்கடனோடு வரும் புனித அந்தோனியார் திருத்தலமும் உள்ளன. பீடத்துக்குப் பொன்னா, ஏழைக்குச் சோறா என்னும் நெடுநாள் வழக்குக்கு இந்த மலைநாட்டு வரலாறே விடை தருகிறது என்பது என் கருத்து.

வழக்கில் இரு தரப்புக்கும் சான்று உண்டு. பெத்தானியா மரியா முந்நூறு தெனாரியம் பெறும் தைலத்தை இயேசுவின் காலடியில் பூசியபோது, ஏழைகளின் பெயரால் குறை சொன்னவன் யூதாசு. ஆனால் 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசு, சிறைப்பட்டோரை மீட்கத் திருப்பாத்திரங்களையே உருக்கினார். இவை ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றுவது, பொருளின் விலையை மட்டும் பார்ப்பதால்தான். இறைவாக்கினர் மலாக்கி சினந்தது ஊனமுற்ற ஆடுகளைப் பலிக்குத் தள்ளிவிட்டவர்கள்மேல். இரண்டு காசு போட்ட கைம்பெண்ணையோ ஆண்டவர் புகழ்ந்தார். அவள் போட்டது பிழைப்புக்கு வைத்திருந்தது. மரியாவும் அம்புரோசும் கொடுத்ததும் கழித்துப்போட்டதை அல்ல.

இதே அளவுகோலை மலைநாட்டு மறைப்பணியிலும் காணலாம். கோவாவில் பிறந்த புனித யோசேப் வாஸ் அடிகளார் 1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த இலங்கைக்கு ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்தார். 1692இல் மலைநாட்டு அரசின் தலைநகரான கண்டியில் ஒற்றன் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். 1697இல் அந்நகரை அம்மை தாக்கியது. அரசன் வெளியேறினான், சொந்த உறவினரே நோயாளிகளைக் கைவிட்டனர். வாஸ் அடிகளார் தம் மருமகனான கர்வாலோ அடிகளாருடன் தங்கி, மதம் கேளாமல் உணவளித்தார், புண் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். இதைச் சமூகசேவை என்று மட்டும் எழுதிவிடுவது போதாது. ஒளிந்து மறைந்து திருப்பலி ஒப்புக்கொடுப்பதற்காக உயிரைப் பணயம் வைத்தவர், அதே உயிரைத்தான் நோயாளிப் பாயருகிலும் வைத்தார். பலிபீடத்தில் கொடுத்தது ஒன்று, பாயருகில் கொடுத்தது வேறொன்று என்று பிரிக்க முடியாது.

அவருக்குப்பின் பணியைத் தாங்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705இல் வந்து, தமிழிலும் சிங்களத்திலும் புலமைபெற்று நூல்கள் இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தமிழ்ப் பங்குகளில் தவக்காலத்தில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வந்தது. ஏழைக் குடியானவரின் செபத்துக்கும் செம்மையான மொழி வேண்டும் என்று நினைத்த உழைப்பு அது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கலையில் பகட்டைவிட மேன்மையான அழகை நாடச் சொன்னது. அந்த அழகு ஈகைக்கும் வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் நாகப்பட்டினத்து வீதிகளில் உடுத்த முடியாத பழந்துணிகள் குவிந்து கிடந்தன. துயருற்றோர் அவற்றைத் தொடவும் மறுத்தனர். பீடத்துக்கு விரிக்கத் துணியாத துணியை ஏழைக்குக் கொடுக்கும் பங்குகள் மலாக்கியின் கண்டனத்துக்கு உள்ளானவையே. திருவிழாக் கணக்கு எழுதும் பங்குப்பேரவைகள் ஏழைகளின் பங்கை முதல் வரியில் எழுதட்டும்.